ஏகாதிபத்தியம் முதல் தாழ்ப்பாள் வரை: புதுச்சேரியில் ஓர் அரசியல் பள்ளி நகைச்சுவைப் படம் எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பள்ளி மாணவர்களை வைத்து நம் பக்கத்தில் எடுக்கப்படும் படங்களில் காதல் இருக்கும், தேர்வு இருக்கும், ஆசிரியருக்கு வைத்த பட்டப்பெயர் இருக்கும். அரசியலுக்கு மட்டும் கதாநாயகன் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைவிடத் தீவிரமான அரசியல்வாதியை எந்தக் கட்சி அலுவலகத்திலும் காண்பது அரிது. வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், பதினேழு வயதில் நிற்பவருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. வாக்கு இல்லாததால் அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாததால் யாரிடமும் அவர் சமரசம் செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. இந்த நிலைமையிலிருந்து ஒரு முழுநீள நகைச்சுவையைப் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவோடு, பெரிய தயாரிப்பாளர் துணையின்றி, புதுச்சேரியிலும் அதன் தெற்கு எல்லையிலும் எடுத்து முடிப்பது எப்படி என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கோரிக்கையைத் தேர்ந்தெடுத்தல்

படத்தின் வெற்றி தோல்வி இந்த இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மாணவியின் கொள்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவர் கேட்கும் பொருள் கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். கல்விமுறையையே மாற்ற வேண்டும் என்று கேட்கும் மாணவியைப் பார்த்து அரங்கம் தலையாட்டும், சிரிக்காது. அவர் கேட்பது மாணவியர் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் என்றால், அந்தக் கோரிக்கையை மறுக்க யாராலும் முடியாது, நிறைவேற்றவும் யாராலும் முடியவில்லை என்ற நிலை உருவாகும். நகைச்சுவைக்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு. நம் மாணவி முத்தியால்பேட்டை அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எழுதிய 14 அம்சக் கோரிக்கை மனுவில் முதல் அம்சம் ஏகாதிபத்திய எதிர்ப்பு, ஐந்தாவது அம்சம் புதுச்சேரிக்கு முழு மாநிலத் தகுதி, ஒன்பதாவது அம்சம் தாய்மொழிக் கல்வி, பதினான்காவது அம்சம் தாழ்ப்பாள். தலைமையாசிரியருக்கோ எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம்.

"தாழ்ப்பாளா? இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் போட்டிருக்கலாமேம்மா."

"மேடம், நீங்க வரிசையா வாங்க. மொதல்ல ஏகாதிபத்தியம்."

இந்த உரையாடலில் மாணவி கேட்பது நியாயம். கேட்கும் வரிசைதான் சிரிப்பு. படம் முழுவதற்கும் இதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: கேட்கும் விதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கேட்கப்படும் பொருளை ஒருமுறைகூடக் கேலி செய்யக் கூடாது. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையை நகைச்சுவைத் துணுக்காக்கும் இயக்குநரை அரங்கில் இருக்கும் பெண்கள் மன்னிக்கமாட்டார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தாழ்ப்பாள் பிடிக்கவில்லை என்றால் வேறு கோரிக்கைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்த புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சி.பி.எஸ்.இ.க்கு மாறியிருக்கின்றன. அக்காவின் புத்தகமும் குறிப்பேடும் தங்கைக்கு உதவாமல் போன வீடுகள் ஏராளம்; அந்தப் பழைய புத்தகக் கட்டே ஒரு கதைக்குத் தொடக்கமாகலாம்.

இரண்டாம் படி: அரசியல் எங்கிருந்து வந்தது

பதினேழு வயதுப் பெண்ணுக்கு இத்தனை சொற்கள் எங்கிருந்து கிடைத்தன என்ற கேள்விக்குப் படம் விடை சொல்லியாக வேண்டும். சமூக ஊடகம் என்பது சோம்பேறி விடை. புதுச்சேரியில் அதைவிடச் செழிப்பான ஊற்றுகள் உண்டு. எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுக் காவல்படை 1936 ஜூலை 30ஆம் நாள் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்த நாள் இன்றும் இங்கே தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. மக்கள் ரோடியர் மில் என்று அழைத்த ஏ.எப்.டி. ஆலை 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவரை வீட்டில் வையுங்கள். வயதுக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்: 1936 துப்பாக்கிச் சூட்டை இந்தத் தாத்தா பார்த்திருக்க முடியாது, தன் அப்பா சொல்லக் கேட்டவராகவே இருக்க முடியும். கேட்ட கதையைப் பார்த்த கதையாகச் சொல்லும் தாத்தா, அதைக் கண்டுபிடித்தும் விட்டுக்கொடுக்கும் பேத்தி என்று இந்தக் கணக்கையே ஒரு காட்சியாக்கலாம்.

தாத்தாவை உபதேசிக்க விடாதீர்கள். உண்மையான சங்கத்துக்காரர் பேத்தியின் முழக்கங்களைக் கேட்டுக் கண்கலங்குவதற்கு முன்பு கணக்குக் கேட்பார்.

"சங்கத்துல எத்தன பேரு?"

"இப்போதைக்கு நானும் என் பக்கத்துப் பெஞ்சும், தாத்தா."

"ரெண்டு பேருமா வெளிய ஒக்காரப் போறீங்க?"

"அவ அஞ்சு மணி வரைக்கும்தான். டியூஷன் இருக்கு."

ஊரின் மற்ற அரசியல் நினைவுகளையும் இப்படிப் பக்கவாட்டில்தான் கொண்டுவர வேண்டும். பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே அடைக்கலமாக இருந்ததும், எல்லை தாண்டிய உடனே கடலூரில் கைதுசெய்யப்பட்டதும், பாரதிதாசன் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியதும் பாடப்புத்தகத்தில் இருப்பவை. அவற்றைக் கடற்கரைச் சாலையில் நடந்தபடி யாராவது ஒப்பித்தால் படம் சுற்றுலா விளம்பரமாகிவிடும். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன்: கடலூர் அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்றபோது அவருடைய சிறுவயது மகள் அம்மாக்கண்ணுவும் உடன் சிறை சென்றார்; காந்தி பின்னாளில் அந்த மகளுக்கு லீலாவதி என்று பெயர் சூட்டித் தம் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். "படிக்கிற வயசுல உனக்கெதுக்கு அரசியல்?" என்று அம்மா கேட்கும்போது, நம் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடைக்காது. அம்மா அதற்கும் அசையக் கூடாது.

மூன்றாம் படி: எதிர்த்தரப்பு

இங்கே வில்லன் தேவையில்லை. தலைமையாசிரியரைக் கொடுமைக்காரராக எழுதினால் மாணவியின் பிடிவாதம் வீரமாகிவிடும், படமும் வழக்கமான சண்டைப் படமாகிவிடும். அவர் நல்லவராக இருக்க வேண்டும், அவருக்கும் தாழ்ப்பாள் வேண்டும், ஆனால் கட்டடம் பொதுப்பணித் துறையின் பராமரிப்பில் இருப்பதால் ஆணி அடிக்கக்கூட அவருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. கடிதம் கல்வித் துறைக்குப் போகிறது. அங்கிருந்து பொதுப்பணித் துறைக்குப் போகிறது. நிதிக்காக இன்னொரு மேசைக்குப் போகிறது. கோப்பில் ஒவ்வொருவரும் ஒரு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

என் பார்வையில் திரைக்கதையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே அதிகாரம் பங்கிடப்பட்டிருக்கிறது. கோப்பு யார் மேசையில் நிற்கிறது என்பது இந்த ஊரில் தேநீர்க் கடைப் பேச்சு. எனவே, இடைவேளைக்குச் சற்றுமுன்னர், பதினான்காவது அம்சமான தாழ்ப்பாள் நிறைவேறாததற்கு ஐந்தாவது அம்சமான மாநிலத் தகுதியும் ஒரு காரணம் என்பது தலைமையாசிரியருக்கே புரிய வேண்டும். அதுவரை பார்வையாளர் எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதில் ஓர் உண்மை இருந்தது என்று தெரியவரும் கணம் அது. அதற்காக இசையை உயர்த்தாதீர்கள். தலைமையாசிரியர் மனுவை மீண்டும் எடுத்து, இம்முறை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் போதும்.

மாணவியின் உரிமைகளைப் பற்றி எழுதும்போது சட்டம் தெரிந்திருப்பது நல்லது. தேசிய கீதம் பாட மறுத்து, ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று மாணவர்களைக் கேரளப் பள்ளி ஒன்று நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் மாணவி இந்தத் தீர்ப்பைச் சீருடையை இஸ்திரி போடாததற்குக் கூட மேற்கோள் காட்டுபவராக இருக்கலாம்.

அம்மாவுக்குக் கொள்கை எதிர்ப்பு எதுவும் வேண்டாம். உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் கலந்தாய்வும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இங்கே 2023இல் கொண்டுவரப்பட்ட 10 விழுக்காடு உள் ஒதுக்கீடுமே அவருடைய உலகம். "சென்டாக் முடியற வரைக்கும் புரட்சி வேணாம்டி" என்ற ஒரு வரியில் அவர் முழுமையாக நின்றுவிடுவார்.

பக்கத்து வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள முதியவர் ஒருவரை வைக்கவும் மறவாதீர்கள். பிரான்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறுபவர்களைச் சொல்தா என்றே இங்கே அழைப்பார்கள். அவருக்குப் புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் வாக்கில்லை, பிரான்சு அதிபர் தேர்தலில் உண்டு. எந்தத் தேர்தலிலும் வாக்கில்லாத மாணவி அவரிடம் திண்ணையில் அமர்ந்து பிரச்சாரம் செய்வதை உலகின் வேறு எந்தப் பள்ளிப் படத்திலும் வைக்க முடியாது.

நான்காம் படி: ஊர்வலக் காட்சி

பின்பாதியின் பெரிய காட்சிக்கு ஊரின் வரைபடமே உதவுகிறது. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. கடலூர்ச் சாலையில் தெற்கே போனால் கன்னியக்கோயில், முள்ளோடை வரை புதுச்சேரி. அதைத் தாண்டினால் ரெட்டிச்சாவடிப் பக்கம் கடலூர் மாவட்டம். மிதிவண்டியில் ஊர்வலம் போகும் ஏழு மாணவர்கள் ஆர்வத்தில் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள் என்று வையுங்கள். பின்னால் வந்த, சிவப்புக் கெப்பித் தொப்பி அணிந்த புதுச்சேரிக் காவலர் எல்லையில் நின்றுவிடுகிறார். இந்தப் பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக் காவலருக்குப் புதுச்சேரிப் பள்ளித் தாழ்ப்பாளைப் பற்றி எதுவும் தெரியாது. மாணவர்களை யார் கைதுசெய்வது, யார் தேநீர் வாங்கிக் கொடுப்பது என்ற சிக்கல் தொடங்குகிறது. கூட்டம் குறைவாக இருப்பதே இந்தக் காட்சியின் நகைச்சுவை என்பதால் துணைநடிகர் செலவும் மிச்சம்.

ஐந்தாம் படி: வசனம்

மாணவி மேடையில் பேசுவது செந்தமிழாகவும், பசித்தால் பேசுவது வீட்டுத் தமிழாகவும் இருக்கட்டும். ஒரே வாக்கியத்தின் நடுவில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அவர் வழுக்கி விழும் இடங்களைக் கவனமாக எழுதுங்கள். நடிகர் தாமாகச் செய்வார் என்று விட்டுவிட்டால் வராது. முழக்கங்களை எழுதியவுடன் ஏழு பேரை வைத்து உரக்கச் சொல்லவைத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் வரியை வெட்டுங்கள், அல்லது மூச்சு முட்டுவதையே காட்சியில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கட்சிகளின் பெயர், கொடி, சின்னம் எதுவும் வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, ஒரு கொடியைக் கண்டதும் பார்வையாளர் மாணவியை மறந்து தம் சொந்தச் சார்பை நினைக்கத் தொடங்கிவிடுவார்.

ஆறாம் படி: நடிகர் தேர்வு

பதினேழு வயதாகத் தோன்றும் பதினெட்டு, பத்தொன்பது வயதினரை முதன்மை வேடங்களுக்குத் தேர்ந்தெடுப்பது எல்லா வகையிலும் வசதி. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைப் பள்ளி, 1922இல் இதே ஊரில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. தேடலை அங்கிருந்தும் ஊர் நாடகக் குழுக்களிடமிருந்தும் தொடங்கலாம். தாத்தா வேடத்துக்கு நடிகரைவிட உண்மையான ஆலைத் தொழிலாளி ஒருவர் கிடைத்தால், அவருக்கு வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுக்காமல் சூழலை மட்டும் சொல்லிப் பேசவிடுங்கள்.

14 வயதுக்குக் குறைந்தவர் யாரேனும் நடித்தால், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது. ஊதியத்தில் 20 விழுக்காட்டையாவது குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாக இட வேண்டும். நண்பரின் தம்பிதானே என்று இதை விட்டுவிடுவது, உரிமை பேசும் படம் எடுப்பவருக்கு அழகல்ல.

ஏழாம் படி: இடமும் அனுமதியும்

அரசுப் பள்ளியில் படமெடுக்கக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும், அது கிடைக்க நாளாகும். உங்கள் கதையே உங்களுக்கு நடக்கும். மாற்றாக, தனியார் பள்ளி ஒன்றை மே மாத விடுமுறையில் வாடகைக்குப் பேசுவது எளிது. வெயில் கடுமையாக இருக்கும், எல்லோருக்கும் வியர்க்கும். பள்ளிப் படத்தில் வியர்வை குறையாகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வெளிப்புறக் காட்சிகளை அப்போது வைக்காதீர்கள்.

தெருக் காட்சிகளுக்கு நகராட்சியிடமும் காவல்துறையிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஊர்வலக் காட்சிக்கு எல்லையின் இரு பக்கத்திலும் தனித்தனியே பெற வேண்டும், ஏனெனில் முள்ளோடையில் ஒளிப்பதிவாளர் பத்து அடி பின்னால் நகர்ந்தாலே ஆட்சிப்பகுதி மாறிவிடும். படப்பிடிப்பு என்ற பலகையை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் வாரங்களில் பதாகையோடு தெருவில் இறங்கவே வேண்டாம். காவலர் சீருடை அணிந்த நடிகர், காட்சி முடிந்ததும் அதே சீருடையில் தேநீர்க் கடைக்குப் போகக் கூடாது. காட்சியில் நாயோ ஆடோ நடித்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதியும் தேவைப்படும். அவசியமில்லாத ஆட்டைத் திரைக்கதையிலிருந்து நீக்கிவிடுவது நல்லது.

வெள்ளை நகரம் எனப்படும் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவர்களைப் பற்றி ஒரு சொல். அவை அழகானவை, எல்லா நிழற்படக் கலைஞர்களும் அங்கே வந்துவிட்டார்கள். நம் மாணவி வாழ்வது அந்தப் பகுதியை மற்ற ஊரிலிருந்து பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. அவர் அந்தச் சுவர்களைத் தாண்டிப் போவது சட்டமன்றத்துக்கு மனுக்கொடுக்க மட்டுமே என்று வைத்துக்கொண்டால், அந்தத் தெருக்கள் படத்தில் ஒரே ஒருமுறை வந்தாலும் நினைவில் நிற்கும்.

எட்டாம் படி: படப்பிடிப்பு

நல்ல கைப்பேசிக் கேமராவே இந்தப் படத்துக்குப் போதும். மிச்சமாகும் பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள். வகுப்பறையில் குழல்விளக்குகள் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 24 அல்லது 25 சட்டகங்களில் படமெடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50இல் நிலையாகப் பூட்டிவையுங்கள்; கைப்பேசியைத் தானியங்கி முறையில் விட்டால் காட்சியில் ஒளி துடிப்பது தெரியும். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவுசெய்யுங்கள். படத்தொகுப்பில் வசனங்களை ஒட்டவைக்க அது இல்லாமல் முடியாது.

கடற்கரைச் சாலை கிழக்கு நோக்கியது. காலையில் கடலிலிருந்து வரும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பிற்பகலுக்குப் பிறகு கட்டடங்களின் நிழல் சாலையில் விழுந்து மென்மையான ஒளி கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் காற்று வலுக்கும், பாறைகளில் மோதும் அலையின் இரைச்சலும் சேர்ந்துவிடும். சட்டைக்குள் பொருத்தும் சிறு ஒலிவாங்கிக்கு மயிர்த்துணி உறை போட்டும் ஒலி தெளியவில்லை என்றால், வசனக் காட்சியைச் சந்துக்குள் மாற்றுங்கள். மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் சாலை அமைதியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரே அங்கே நடக்க வந்துவிடும்.

நகைச்சுவைக் காட்சிகளைத் தொலைவில் நின்று, இருவரும் ஒரே சட்டகத்தில் இருக்கும்படி எடுங்கள். மாணவி பேசும்போது தலைமையாசிரியரின் முகமும் தெரிந்தால்தான் சிரிப்பு வரும். நெருக்கக் காட்சியை மாணவி முதன்முறையாகத் தோற்றுப்போகும் இடத்துக்குச் சேமித்துவையுங்கள்.

ஒன்பதாம் படி: தொகுப்பும் இசையும்

நகைச்சுவை வசனம் முடிந்ததும் விசித்திர ஒலி எழுப்பும் வழக்கத்தை இந்தப் படத்திலாவது விட்டுவிடுங்கள். பாடலுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பாரதியார் பாடல்கள் நாட்டுடைமையாகி நெடுங்காலம் ஆகிறது, பாரதிதாசன் படைப்புகளும் நாட்டுடைமையாக்கப்பட்டவை. பாடல் வரிகளுக்குத்தான் இந்தச் சுதந்திரம். வேறொருவர் அமைத்த மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை இருப்பதால், புது மெட்டமைத்துப் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும். முதல் தொகுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டி, நீங்கள் பின்வரிசையில் அமர்ந்து அவர்கள் எப்போது கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிறகு சொல்லும் பாராட்டைவிட அந்தக் குறிப்பு பயன்படும்.

பத்தாம் படி: சான்றிதழும் வெளியீடும்

திரையரங்கில் வெளியிட மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்று கட்டாயம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்று 7+, 13+, 16+ என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பள்ளி மாணவர்களே இந்தப் படத்தின் முதல் பார்வையாளர்கள் என்பதால், 16+ பெறும் அளவுக்கு ஒரு வசைச்சொல் மதிப்புள்ளதா என்று எழுதும்போதே யோசித்துவிடுவது நல்லது. இணையத் தளங்களில் நேரடியாக வெளியிட இந்தச் சான்று தேவையில்லை. அவற்றுக்கு 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகைப்பாடு மட்டும் உண்டு. ஆனால் இணையத்தில் ஒருமுறை முழுமையாக வந்துவிட்ட படத்தைப் பல திரைப்பட விழாக்கள் ஏற்பதில்லை. ஆகவே முதலில் விழாக்களுக்கு அனுப்புங்கள், அடுத்து ஊர்த் திரையிடல்களை நடத்துங்கள், இணையத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி அரசு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் திரைப்பட விருது வழங்கிவருகிறது. அதற்கான அறிவிப்பைக் கவனித்துவாருங்கள், தணிக்கைச் சான்றின் நகலையும் வசனப் பிரதியையும் அதற்கு முன்பே ஆயத்தமாக வைத்திருங்கள்.